இன்னொரு கம்ப்யூட்டரில் ஓடும் வயலின்

ராயப்பேட்டையில், அமீனா பீ வீட்டு மாடிப் போர்ஷனில் தௌஃபீக் குடியிருக்கிறார். தெருவில் யாரைக் கேட்டாலும் "மியூசிக் பாய் வீடுதானே?" என்று கை காட்டுவார்கள். ஆனால் அந்த வீட்டிலிருந்து ஒரு பாட்டு வெளியே வந்து எவரும் கேட்டதில்லை. கல்யாண மண்டபமே கொள்ளாத அளவுக்கு வயலின்காரர்களும் செல்லோக்காரர்களும் அவருடைய கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். அத்தனையும் ஹெட்ஃபோனோடு நின்றுவிடும். கீழே அமீனா பீக்குக் கேட்பதெல்லாம் கீபோர்டின் கட்டைகள் அழுந்தும் டொக் டொக் சத்தம் மட்டும்தான்.

"இன்னா பா, மேல ஆணி அடிக்கிறியா?" என்று படியில் பார்க்கும்போதெல்லாம் கேட்பார் அந்த அம்மாள்.

"வேலை பண்றேன் பூபு."

"பாட்டுன்னு சொன்னியே?"

"பாட்டுதான்."

அமீனா பீ உதட்டைப் பிதுக்குவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நாற்பத்தெட்டு வயசு ஆண்பிள்ளை, கல்யாணம் கட்டவில்லை, கூடப் பிறந்தவர்கள் வேலூரிலேயே தங்கிவிட்டார்கள். பகல் முழுக்கக் காதை மூடிக்கொண்டு பலகையைத் தட்டிக்கொண்டிருந்தால் வீட்டுக்காரம்மாள் வேறென்னதான் நினைப்பார்?

தௌஃபீக்கின் பிழைப்பு இதுதான். சின்னச் சின்ன விளம்பரங்கள், பக்தி ஆல்பங்கள், பிறந்தநாள் வீடியோக்கள். முருகனோ மாதாவோ நாகூர் ஆண்டவரோ, யார் வந்தாலும் பின்னணி இசை போட்டுத் தருவார். வேலை மெயிலில் வரும், முடிந்ததும் மெயிலிலேயே போய்விடும். பாடியவர் முகத்தை அவர் பார்த்ததில்லை. கேட்டவர் இவர் பெயரைப் படித்ததில்லை. வீடியோவுக்குக் கீழே பூ அலங்காரம் செய்தவர் பெயர்கூட இருக்கும்.

அவரிடம் இருக்கும் வாத்தியங்கள் எல்லாம் பிளகின்கள். எங்கோ ஒரு குளிர் தேசத்தில், பெரிய கூடத்தில் நிஜமான ஆட்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் மெதுவாக ஒரு தடவை, அழுத்தமாக ஒரு தடவை என்று வாசித்துப் பதிவு செய்து விற்கிறார்கள். வாங்கி, கம்ப்யூட்டரில் ஏற்றி, கட்டையை அழுத்தினால் அந்த ஆட்கள் நமக்காக வாசிப்பார்கள். ஒன்றை மட்டும் வைத்தால் ஃபிரிஜ்ஜில் வைத்த சோறு மாதிரி விறைத்துக்கொண்டு கிடக்கும். அதனால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். நீளமாக இழுக்கும் வயலின் கூட்டம் ஒன்று, அதன்மேல் வெட்டி வெட்டி வாசிக்கும் கூட்டம், எல்லாவற்றுக்கும் முன்னால் ஒற்றை வயலின். எல்லாம் ஒரே நொடியில் தொடங்கக் கூடாது. கொஞ்சம் முன்னே பின்னே தள்ளி விடவேண்டும். பிசகு இருந்தால்தான் கேட்கிறவன் மனுஷன் வாசித்தது என்று நம்புவான்.

அப்படி அவரிடம் இருப்பதில் பெரியது ஒரு வயலின் பிளகின். அதில் பாதி ஜவஹருடையது.

ஜவஹர் அவருடைய பழைய கூட்டாளி. வடபழனியில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மாடி அறையை ஸ்டூடியோவாக்கி வருஷக்கணக்கில் ஒன்றாகத் தின்று ஒன்றாகத் திட்டு வாங்கினார்கள். ஒரு நவம்பர் மாதத் தள்ளுபடியில் ஆளுக்குப் பாதி போட்டு அந்தப் பிளகினை வாங்கினார்கள். அதை இன்டர்நெட்டிலிருந்து இறக்கிய கதை தனிக் கதை. முக்கால்வாசி இறங்கியதும் கரண்ட் போகும், மறுபடி முதலிலிருந்து. பிரசவ வார்டு வாசலில் நிற்கிறவர்களைப் போல இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு டீயாகக் குடித்தார்கள். கடைசியில் இறங்கி, முதல் ஸ்வரம் ஒலித்தபோது ஜவஹர் எழுந்து ஆடியே விட்டான். ஜவஹரின் மெயிலில் கணக்கு, இரண்டு பேருக்கும் ஒரே பாஸ்வேர்ட். கம்பெனியின் நிபந்தனை ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டரில்தான் ஓடும்.

பிரிந்தது ஒரு அற்ப விஷயத்துக்கு. அற்பம் என்று நாம் சொல்லலாம், பட்டவருக்கு அப்படி இல்லை.

தௌஃபீக்கிடம் ஒரு பழக்கம் உண்டு. வயலின்களை அடுக்கி முடித்ததும், எல்லாவற்றுக்கும் அடியில், தன்னுடைய ஆர்மோனியத்தின் துருத்தி இழுக்கும் வெறும் காற்றைப் பதிவு செய்து மெல்லிசாக ஓடவிடுவார். தனியாகக் கேட்டால் ஒன்றுமே இருக்காது. ஆனால் அது இருந்தால்தான் வயலின்கள் மூச்சு விடும் என்பது அவர் கட்சி. ஒரு நாள் நகைக்கடை விளம்பரத்துக்காகக் கனகராஜ் என்பவர் வந்து உட்கார்ந்திருந்தார். நேரமாகிறது, மெஷின் திணறுகிறது. ஜவஹர் அந்தக் காற்றை மியூட் செய்துவிட்டு, "சார், இப்ப ஏதாவது வித்தியாசம் தெரியுதா?" என்று கேட்டான். கனகராஜ் இரண்டு தடவை கேட்டுவிட்டு, "ஒண்ணும் தெரியலியே தம்பி" என்றார். ஜவஹர் சிரித்தான். வேலை முடிந்து அனுப்பியாயிற்று.

தௌஃபீக்கால் அன்றிரவு சாப்பிட முடியவில்லை. தான் இல்லாவிட்டாலும் ஒன்றும் தெரியாது என்று தன் நண்பனே ஊராருக்கு நிரூபித்துக் காட்டியதாகத்தான் அவருக்குப் பட்டது. வாயைத் திறந்து நாலு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே தீர்ந்திருக்கும். மனுஷன் கேட்கவில்லை. அடுத்த வாரமே கீபோர்டைத் தூக்கிக்கொண்டு ராயப்பேட்டைக்கு வந்துவிட்டார். ஜவஹர் ஏன் என்று கேட்டு வருவான் என்று காத்திருந்தார். அவன் வரவில்லை. ஆளுக்கு ஒரு மூலையில் வீம்பு பிடித்து உட்கார்ந்தால் வருஷங்களுக்கு என்ன, அதுபாட்டுக்கு ஓடும்.

ஆனால் பிளகின் மட்டும் பொதுவாகவே இருந்தது. பிரிந்து வெகு காலம் கழித்து ஒரு நாள் காலை அதைத் திறந்தபோது திரையில் சின்னப் பெட்டி ஒன்று வந்தது. இது இப்போது இன்னொரு கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது, பிறகு முயலவும். தௌஃபீக் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் ஜவஹர் வாசிக்கிறான்.

அன்றிலிருந்து காலை நேரத்தை ஜவஹருக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். தபேலா, புல்லாங்குழல் என்று மற்ற வேலைகளைக் காலையில் முடிப்பார். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்துதான் வயலினைத் தொடுவார். அதற்கு முன்னால் தினமும் ஒரு தடவை சும்மா திறந்து, பெட்டி வருகிறதா என்று பார்ப்பார். வந்தால் ஒரு நிம்மதி. மார்கழியில் பெட்டி விடியும்போதே வந்துவிட்டது. மயிலாப்பூர் பக்கம் ஏதோ ஆல்பம் பிடித்திருக்கிறான் போல என்று சந்தோஷப்பட்டார். கூட்டாக இருந்த காலத்தில் ஜவஹர் ராத்திரியில்தான் வேலை பார்ப்பான், பகல் சாப்பாட்டுக்கு முன்னால் எழுந்ததாகச் சரித்திரம் கிடையாது. அதையும் தௌஃபீக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார்: பிள்ளைகுட்டிக்காரன், திருந்தியிருப்பான். இடையில் எத்தனையோ தள்ளுபடிகள் வந்தன. தனியாக ஒன்று வாங்கிக்கொள்ள அவரால் முடியும். வாங்கவில்லை. வாங்கிவிட்டால் அந்தப் பெட்டி வராதே!

இப்படியிருக்கும்போது கம்பெனி ஒரு குண்டைப் போட்டது. பழைய கணக்குகளை எல்லாம் புதிதாக உறுதி செய்ய வேண்டும், பதிவு செய்த மெயிலுக்கு ஒரு எண் வரும், அதைக் கொடுக்காவிட்டால் மாதக் கடைசியில் பிளகின் நின்றுவிடும் என்று திரையில் அறிவிப்பு. மெயில் ஜவஹருடையது. வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்திருப்பார்கள். தௌஃபீக்குக்கு உள்ளுக்குள் குதூகலம். போய்ப் பேச ஒரு காரணம் கிடைத்துவிட்டது! இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். போன் செய்யலாம்தான். நேரில் போனால்தான் ஜவஹர் முகத்தைப் பார்க்கலாம்.

வடபழனியில் அந்த மாடிக்கு ஏறினால் ஸ்டூடியோ இல்லை. பிசியோதெரபி சென்டர். உள்ளே யாரோ முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே டீக்கடை மாஸ்டர் மட்டும் பழைய ஆள்.

"ஜவஹர் சாரா? அவரு போயி ரொம்ப நாளாவுது பாய். தி.நகர்ல மச்சான் கடைல புடவை யாவாரம் பாத்துக்கினு கீறாரு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. வீட்டில் வைத்து வாசிக்கிறான் போல, காலையில் வாசித்துவிட்டுக் கடைக்குப் போகிறான் என்று தி.நகர் போய்ச் சேர்வதற்குள் தௌஃபீக் அதற்கும் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். நப்பாசை என்பது லேசில் விடுமா?

உஸ்மான் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் கடை. முகூர்த்த சீசன், உள்ளே கால் வைக்க இடமில்லை. விரித்த பட்டுப்புடவைகளுக்கு நடுவே, வழுக்கை விழுந்து, தொப்பை போட்டு, ஜவஹர்.

"டேய் தௌஃபீ!" என்று அங்கிருந்தே கத்திக்கொண்டு வந்து கட்டிப்பிடித்தான். "எவ்ளோ நாளாச்சுடா! ஏம்பா, ரெண்டு டீ சொல்லு. எப்டிடா இருக்க? இன்னும் அதே ஒல்லியா இருக்கியே மச்சி!"

கோபமா, வருத்தமா, எதுவுமே அவன் முகத்தில் இல்லை. எதற்காக இத்தனை வருஷம் பயந்தோம் என்று தௌஃபீக்குக்கு வெட்கமாகிவிட்டது. டீ குடித்துக்கொண்டே எண் விஷயத்தைச் சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"காலைல நல்லா வாசிக்கிற போல?"

"வாசிக்கிறதா? யாரு, நானா? கீபோர்டத் தொட்டு ரெண்டு வருஷம் ஆச்சுடா. எல்லாத்தையும் தலைமுழுகிட்டு இங்க வந்துட்டேன். சிஸ்டத்தக்கூட அப்டியே ஒருத்தருக்குக் கொடுத்துட்டேன்."

தௌஃபீக் டீக் கிளாஸைக் கீழே வைத்தார். "பிளகின்லேந்து லாக் அவுட் பண்ணிட்டுக் கொடுத்தியா?"

"லாக் அவுட்டா? அதெல்லாம் எவன் பாத்தான்! அப்டியே வயரோட தூக்கிக் கொடுத்தேன்."

சிஸ்டத்தை விற்கும்போது கணக்கைக் கழற்றாமல் விற்பது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற மறதிதான். ஆனால் அந்த மறதியோடு இரண்டு வருஷம் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்த ஆள் இவர் ஒருத்தர்தான் இருப்பார். பெட்டிக்கு அந்தப் பக்கம் ஜவஹர் இல்லை. இருந்ததே இல்லை.

கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தார். வாய் கேட்டுவிட்டது. "அன்னிக்கு கனகராஜ் சார் முன்னாடி என் லேயரை மியூட் பண்ணியே ஜவஹர், அது எனக்கு..."

"எந்த லேயர்?" ஜவஹர் நிஜமாகவே யோசித்தான். நெற்றியைச் சுருக்கிப் பார்த்தான். ஞாபகம் வரவில்லை. "நான் உனக்கு எங்கயோ பெரிய எடத்துல வேலை கெடச்சிடுச்சு, அதான் நீ சொல்லாம போயிட்டன்னு நெனச்சேன். எனக்கும் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு. சரி, எண்ணு வேணும்னியே?"

போனை எடுத்தான். எண் வந்தது. உறுதி செய்தான். அதோடு நிற்காமல், கணக்கிலிருந்த தன் மெயிலை எடுத்துவிட்டு தௌஃபீக்கின் மெயிலைப் போட்டான். "இனிமே உனக்கே முழுசா வச்சுக்கடா. எனக்கு எதுக்கு?" என்றான். பிறகு, "பாரு, அந்தப் பழைய சிஸ்டம் இன்னும் இதுல நிக்குது. ஓசில ஓட்டிட்டு இருக்காரு, தூக்கிர்றேன்" என்று, தௌஃபீக் "இரு" என்று சொல்வதற்குள் பட்டனைத் தட்டிவிட்டான். நண்பனுக்கு உபகாரம் செய்த திருப்தி அவன் முகத்தில்.

"அதை வாங்கினது யாரு?"

"வேளச்சேரில ஒரு பெரியவர். கஸ்தூரிரங்கன்னு பேரு. நம்பர் இருக்கு, இந்தா. ஒண்ணும் பிரச்சனை பண்ண மாட்டாரு, தங்கமான மனுஷன்." அதற்குள் ஒரு கல்யாண வீட்டுக் கும்பல் உள்ளே வந்தது. ஜவஹர் எழுந்து, "அடிக்கடி வாடா, வீட்டுக்கு வா" என்று முதுகில் தட்டிவிட்டு, "வாங்கம்மா, முகூர்த்தப் புடவையா?" என்று போனான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது தௌஃபீக்குக்கு ஜவஹர்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபப்படக்கூட அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

மறுநாள் காலை வழக்கம் போலப் பிளகினைத் திறந்தார். பெட்டி வரவில்லை. வயலின்கள் தயாராக நின்றன, முழுசாக அவருக்கே. கட்டையில் விரலை வைத்தார், அழுத்தவில்லை. தனக்குத் துணையே இல்லை என்பதை இத்தனை வருஷத்தில் அன்றுதான் அவர் முதல் தடவையாக உணர்ந்தார். ஹெட்ஃபோனைக் கழற்றினால் தெருவில் மீன்காரர் குரல். மாட்டினால் அதுவும் இல்லை.

வெகு நேரம் கழித்து, அந்த நம்பரை எடுத்துப் பார்த்தார். முன்பின் தெரியாதவரிடம் என்ன பேசுவது? ஆனாலும் ஒரு மனுஷர் நடுப் பாட்டில் வயலின் அறுந்து உட்கார்ந்திருப்பாரே என்று மனசு உறுத்தியது. போன் செய்தார்.

"ஹலோ, கஸ்தூரிரங்கன் சாரா? நான் அந்த வயலின் பிளகின் விஷயமா..."

"ஜவஹர் சார் சொன்னாரா? அப்பாடா! நானே அவருக்குப் பண்ணலாமா வேண்டாமான்னு தவிச்சிண்டிருந்தேன். நேத்திலேந்து வயலின் எல்லாம் போயிடுத்து சார். மத்தியானத்துல தொட்டா இன்னொரு கம்ப்யூட்டர்ல ஓடறதுன்னு ஒண்ணு வரும். சரி, ஜவஹர் சாருக்கு வேலை இருக்கு, நாம தொந்தரவு பண்ணப்படாதுன்னு பன்னெண்டு மணிக்கே மூடி வச்சுடுவேன். நான் ஏதாவது தப்பாப் பண்ணிட்டேனோ?"

தௌஃபீக்குக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "மத்தியானம் ஓட்டினது ஜவஹர் இல்ல சார். நான்தான். நானும் காலைல ஜவஹர்தான்னு நெனச்சுட்டு இருந்தேன்."

"ஓஹோ" என்றார் பெரியவர். "ஆத்துல நான் ஒருத்தன்தான் சார். அவ போனதுக்கப்புறம் காலம்பற எழுந்தா என்ன பண்றதுன்னு தெரியலே. அதான் இதை வாங்கி ஸ்லோகத்துக்கெல்லாம் மெட்டுப் போட்டுண்டிருக்கேன். யாருக்கும் போட்டுக் காட்டறதில்லே. போகட்டும், உங்க பேரு?"

"தௌஃபீக்."

"என்னது? தௌஃபீக்கா?" பெரியவர் குரல் உயர்ந்தது. "சார், இந்தக் கம்ப்யூட்டர்ல எந்தப் பாட்டைப் புதுசா ஆரம்பிச்சாலும் கடைசி வரியில தௌஃபீக்னு ஒண்ணு தானா வந்து நிக்கறது. நான் அதை ஏதோ வடக்கத்தி வாத்தியம்னு நெனச்சிண்டிருக்கேன்!"

தௌஃபீக் எழுந்து நின்றுவிட்டார். "அது... வெறும் காத்து சார். ஆர்மோனியத்துக் காத்து. தேவையில்லன்னா எடுத்துடலாம்."

"எடுக்கறதாவது! ஜவஹர் சார் இதைக் கொடுக்கறச்சே அதை ஒண்ணத்தான் சொல்லிட்டுப் போனார். எதை வேணா மாத்திக்கோங்கோ, அந்தக் கடைசி வரியை மட்டும் தொடாதீங்கோ, அது இல்லேன்னா வயலினுக்கு உசிர் இருக்காதுன்னார். நேத்திக்கு எல்லாம் போனப்பறமும் அது ஒண்ணு மட்டும் ஓடிண்டிருந்தது. ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு, ஆனா கேக்கறது. அதைத்தான் கேட்டுண்டு உக்காந்திருந்தேன்."

கீழே அமீனா பீ யாரிடமோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். தௌஃபீக் கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஜவஹர் மறந்துவிட்டான். அவமானப்படுத்தியதை மறந்தான், மியூட் செய்ததை மறந்தான், பெரியவரிடம் சொல்லிவிட்டுப் போனதைக்கூட மறந்திருப்பான். ஆனால் எடுக்கவில்லை. புதுசாக எதை ஆரம்பித்தாலும் தானாக வரும்படி அதற்குத் தௌஃபீக்கின் பெயரையே வைத்து, அவர் விட்டுப்போன பிறகு செய்த ஒவ்வொரு பாட்டுக்கும் அடியில் அதை ஓடவிட்டிருக்கிறான்.

"சார், இருக்கீங்களா?"

"இருக்கேன். மெயிலும் பாஸ்வேர்டும் சொல்றேன், உங்க கம்ப்யூட்டர்லேந்து மறுபடி உள்ள போங்க. எனக்கு ஒரு எண் வரும், சொல்றேன். காலை வழக்கம் போல உங்களுக்கு. லுஹர் வரைக்கும், அதாவது மத்தியானம் வரைக்கும், நான் தொட மாட்டேன்."

எண் வந்தது. ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார். அந்தப் பக்கத்தில் பெரியவர் தடுமாறித் தடுமாறித் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு போனில், வேளச்சேரியில் ஒரு வீட்டின் வயலின்கள் மெல்ல எழும்பின. பாட்டு முடிந்ததும் "வைக்கட்டுமா சார்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை தௌஃபீக் பிளகினைத் திறந்தார். அந்தப் பக்கம் ஜவஹர் இல்லை என்று நன்றாகத் தெரியும். தெரிந்துதான் திறந்தார். பெட்டி வந்தது. இன்னொரு கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது, பிறகு முயலவும். அதை மூடிவிட்டு, ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, டீ போடப் போனார்.